மூன்று மா நிலமும் ஒரு பிடி உமிச்சாம்பலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மகளையும் அழைத்துக்கொண்டு வந்து நெடுநேரம் பேசிவிட்டுப் போனீர்கள். பதற்றப்பட வேண்டாம் என்று அன்று சொல்லி அனுப்பினேன். அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். பெங்களூரில் இருக்கும் மைத்துனரின் பேச்சைக் கேட்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் வாங்குவதற்காக மூன்று மா நிலத்தை, அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கரை, விற்க விலை பேசியிருக்கிறீர்கள் என்றால், பதற்றப்படத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் தாழ்ந்த படிப்பு என்று நான் சொல்லவில்லை. விருப்பமுள்ள பிள்ளை கவுன்சிலிங்கில் கிடைத்த இடத்தில் அதைப் படித்தால் நன்றாகவே வருவாள். ஆனால் அன்று உங்கள் மகள் தானாக வாய் திறந்தது ஒரே ஒரு முறைதான் என்பதைக் கவனித்தீர்களா? ஊர் ரைஸ் மில்லின் பாய்லரிலிருந்து கொட்டும் உமிச்சாம்பல் சில நாள் கறுப்பாகவும் சில நாள் வெளுப்பாகவும் இருப்பது ஏன் என்று கேட்டாள். நீங்கள் அவளை அதட்டி உட்கார வைத்தீர்கள். இந்தக் கடிதம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

கறுப்பு, எரியாமல் மிஞ்சிய கார்பன். வெளுப்பு, சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த, மணலில் இருக்கும் அதே பொருள். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 20 கிலோ உமியும், அதை எரித்தால் ஏறக்குறைய 4 கிலோ சாம்பலும் கிடைக்கும்; நன்றாக எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். அதை மக்னீசியத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், ஆக்சிஜனை மக்னீசியம் பறித்துக்கொள்ள, சிலிக்கான் மிஞ்சும். கார்பன், சிலிக்கான் ஆகிய இந்த இரண்டையும் வைத்துத்தான் பேட்டரியின் ஆனோடை, அதாவது சார்ஜ் ஏறும்போது லித்தியம் வந்து தங்கும் மைனஸ் பக்கத்தை, மேம்படுத்த உலகெங்கும் முயல்கிறார்கள்.

லித்தியம் அயனி பேட்டரி 1991இல் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலானவற்றில் ஆனோடு கிராஃபைட்தான், பென்சில் முனையில் இருக்கும் அந்தக் கார்பன். அதில் ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம்தான் தங்க முடியும் என்பதால், ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர்-மணி (சேமிக்கும் மின்னூட்டத்தின் அளவு) என்ற அளவுக்கு மேல் கொள்ளாது. சிலிக்கான் ஏறத்தாழ 3,600 வரை கொள்ளும். கோளாறு என்னவென்றால், லித்தியம் ஏற ஏறச் சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் உப்பிவிடும். நெல் அவிக்கும்போது அரிசி உப்பி உமி வாய் பிளப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. உப்பியும் சுருங்கியும் துகள் நொறுங்க, புதிதாகத் திறந்த பரப்பில் எல்லாம் ஒரு படலம் படிந்து லித்தியத்தை வீணாக்கும். துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்குவதும், கார்பன் பூச்சிடுவதும், உப்புவதற்கு உள்ளேயே இடம் விட்டு நுண்துளையோடு செய்வதும் அதனால்தான். சோடியம் அயனி பேட்டரியின் சிக்கல் வேறு. சோடியம் வேதாரண்யத்து உப்பிலேயே இருக்கிறது, ஆனால் கிராஃபைட்டில் அது சரியாக நுழைவதில்லை. அதற்கு அடுக்கு ஒழுங்கில்லாத கடினக் கார்பன் வேண்டும். உமி, தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றைக் காற்றில்லாமல் சுட்டு அதைச் செய்து பார்க்கிறார்கள்.

இதைப் படிக்க எங்கே போவது என்று கேட்பீர்கள். மற்ற வழிகளைச் சொல்ல ஊரில் ஆள் உண்டு. நான் காரைக்குடியை மட்டும் சொல்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மக்கள் வாயில் ‘சிக்ரி’, அங்கே இருக்கிறது. அதன் வளாகத்திலேயே வேதியியல் மற்றும் மின்வேதியியல் பொறியியல் என்ற நான்கு ஆண்டு பி.டெக். நடக்கிறது, பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. பேட்டரி, அரிமானம் (உலோகம் துருப்பிடித்து அரிக்கப்படுவது), மின்முலாம் ஆகியவற்றில் ஆய்வு செய்பவர்கள் இருக்கும் இடத்திலேயே பாடம் என்பது வேறு கல்லூரிகளில் எளிதில் அமையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கணக்கிடும் அதே பொறியியல் கவுன்சிலிங்கில்தான் இதற்கும் இடம். திருத்துறைப்பூண்டியில் ரயில் ஏறினால் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக நேரே போய் இறங்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

பி.டெக். முடித்தவுடன் மைத்துனர் வாங்கும் சம்பளம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். புதிய ஆனோடு பொருளை உருவாக்கும் வேலைக்கு மேற்படிப்பு வேண்டும். அதற்கு நிலம் வேண்டாம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிஎச்.டி.க்கு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

நிலத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலை மகளே நிரப்பட்டும். மைத்துனர் பக்கத்தில் உட்கார வேண்டாம், நீங்களும்தான். அடுத்த முறை வரும்போது கறுப்புச் சாம்பல் ஒரு பொட்டலம், வெள்ளைச் சாம்பல் ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு சிறிய தராசு இருக்கிறது.