ஹைஸ்கூல் பையன் கூடைப்பந்தில் தேறுவானா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் கூடைப்பந்து ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்து, சின்னக் கல்லூரிகளின் கோச்சுகளுக்குக் குறிப்பு எழுதித் தருவது என் பகுதிநேர வேலை. கேள்வி கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி “என் பையன் தேறுவானா?” ரகம். பார்க்காத பையனைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. எப்படிப் பார்ப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேள்வி: அண்ணா, என் மகன் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்பு. ஆட்டத்துக்குச் சராசரி 27 பாயிண்ட் எடுக்கிறான். ஒரு கல்லூரிகூட எட்டிப் பார்க்கவில்லையே, ஏன்?

யாருக்கு எதிராக 27? கோச் முதலில் கேட்பது அதுதான். எதிரணியின் நெட்டையனே 6 அடி 1 அங்குலம் என்றால், வளையத்துக்குப் பக்கத்தில் போய்ப் போட்டுவிட்டு வருவது பெரிய விஷயமில்லை. ஷூ கம்பெனிகள் நடத்தும் கோடைக்காலப் போட்டிகளுக்குக் கோச்சுகள் படையெடுப்பது, அதே பையன் 6 அடி 9 அங்குலக்காரன் முன்னால் என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான். அப்புறம், அந்த 27-க்கு எத்தனை ஷாட் போட்டான்? 26 ஷாட்டில் 27 எடுப்பவனைவிட 9 ஷாட்டில் 14 எடுப்பவன் பெயரைத்தான் நான் அடிக்கோடிடுவேன்.

கசப்பான விஷயம் ஒன்றும் உண்டு. 2021-லிருந்து கல்லூரி மாறும் ஆட்டக்காரர் முதல் தடவை ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியதில்லை. 2024-ல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு சீசன் ஆடிய 21 வயது ஆள் கைக்குக் கிடைக்கும்போது, 17 வயதுப் பையனை வளர்த்தெடுக்கக் கோச்சுக்குப் பொறுமை எங்கே? உங்கள் மகன் தாடி வளர்ந்தவர்களோடு மோதுகிறான்.

கேள்வி: நோட்டைத் திறந்ததும் முதலில் என்ன எழுதுவீர்கள்?

கை நீளம். பள்ளி அச்சடிக்கும் பட்டியலில் உள்ள உயரத்தை நான் நம்புவதில்லை. அதில் ஷூவும் சேர்ந்திருக்கும், அப்பாவின் ஆசையும் சேர்ந்திருக்கும். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.விலேயே 2019-ல்தான் ஷூ இல்லாமல் அளந்து தரச் சொன்னார்கள். என்.பி.ஏ. ஆட்டக்காரர் டிரேமண்ட் கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலில் 6 அடி 6 அங்குலத்துக்கும் ஒரு மயிரிழை குறைவு. ஆனால் கைகளை விரித்தால் 7 அடிக்கு மேல். 2012-ல், என்.பி.ஏ. அணிகள் புது ஆட்களை வரிசையாகப் பொறுக்கும் டிராஃப்டில், 35-ஆவது ஆளாகத்தான் தேர்வானார். பிறகு வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும், தன்னைவிட நெட்டையான சென்டர்களை எல்லாம் மறித்து நின்றார்.

அடுத்து, பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறான் என்று எழுதுவேன். ஹைஸ்கூல் ஆட்டம் 32 நிமிடம். அதில் ஒரு பையன் கையில் பந்து இருப்பது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறானா, எதிராளி வெட்டி ஓடுவதைக் கவனிக்கிறானா? பந்தைப் பறிகொடுத்தவுடன் அடுத்த மூன்று வினாடி என்ன செய்கிறான்? திரும்பி ஓடுகிறானா, நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா?

கேள்வி: 50 த்ரீ பாயிண்டரில் (கோட்டுக்கு வெளியிலிருந்து எய்யும் மூன்று பாயிண்ட் ஷாட்) 20 போட்டிருக்கிறேன், 40 சதவீதம். நான் நல்ல ஷூட்டர்தானே சார்?

தம்பி, அந்த 20-ல் மூன்று பந்து விளிம்பில் பட்டு வெளியே போயிருந்தால் நீ 34 சதவீதம். ஐம்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் நீ எவ்வளவு? மறிக்க ஆளில்லை, தூரம் மாறுவதில்லை. கையின் லட்சணம் அங்கே தெரிந்துவிடும். 85 சதவீதம் போடுகிறவனின் த்ரீ இன்று சுமாராக இருந்தாலும் காத்திருப்பேன். 58 என்றால் அந்த 40-ஐச் சந்தேகிப்பேன். இன்னொன்று, பள்ளியில் த்ரீ கோடு 19 அடி 9 அங்குலம். ஆண்கள் கல்லூரிக் கோடு 2019-லிருந்து 22 அடியைத் தாண்டிவிட்டது. நாளைக்கே இரண்டரை அடி பின்னால் போய்ப் போட்டுப் பார்.

கேள்வி: த்ரீ போடுவதில் பேர்போன என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டெஃபன் கரியையே ஹைஸ்கூலில் கோட்டை விட்டவர்கள்தானே உங்கள் ஆட்கள்? அப்புறம் எதற்கு இந்த வித்தையெல்லாம்?

நியாயமான குத்து. ஆனால் அவர்கள் பார்த்தது தப்பில்லை. 2006-ல் சார்லட் கிறிஸ்டியன் பள்ளியிலிருந்து வெளியே வந்த பையன் 6 அடி உயரம், ஒல்லிக்குச்சி. உடல் பலம் இல்லை, பெரிய ஆட்களை மறிக்க முடியாது என்று எழுதியவர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். அந்தக் குறைகளில் எது நாளைக்கு மாறும், எது மாறாது என்று பிரிக்கவில்லை. கோளாறு அங்கேதான்.

ஹைஸ்கூலில் ஒரு கோடைக்காலம் முழுக்க அப்பா டெல் கரியோடு உட்கார்ந்து, இடுப்புப் பக்கத்திலிருந்து எய்த ஷாட்டைத் தலைக்கு மேலே கொண்டுவந்தான் அந்தப் பையன். அதுவரை சுலபமாக விழுந்த பந்து விழாமல் போக, அழுதுகொண்டே பழகினான். உயர அளவுகோலில் தெரியாத சங்கதி இது.

கரியைச் சேர்த்துக்கொண்ட டேவிட்சன் கல்லூரியின் கோச் பாப் மெக்கிலப் சொன்ன கதை இன்னும் அழகு. லாஸ் வேகஸில் அவர் பார்க்கப் போன ஆட்டத்தில் கரி மகா மோசம். பந்தைப் பார்வையாளர்கள் பக்கம் எறிந்தான், தன் காலிலேயே தட்டிவிட்டான். ஆனால் யாரையும் குறை சொல்லவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தபோதும் சகாக்களுக்குக் கை தட்டினான், கோச்சின் கண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொண்டான். மெக்கிலப்புக்கு அது போதுமாக இருந்தது. கல்லூரியின் முதல் ஆட்டத்தில் 13 தடவை பந்தைப் பறிகொடுத்தான். மறுநாளும் கோச் ஆட வைத்தார். மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 32 பாயிண்ட்.

கேள்வி: எந்தக் குறை சரியாகும், எது ஆகாது?

இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது சரியாகும். எடை ஏறும். ஷாட் எய்யும் விதத்தை உழைத்தால் மாற்றலாம். பக்கவாட்டில் கால் நகரும் வேகம் ஓரளவுக்குத்தான். இரண்டு பேர் வந்து மறிக்கும்போது யார் தனியாக நிற்கிறான் என்று அரை வினாடி முன்னாலேயே தெரிவது இருக்கிறதே, அதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்துப் பார்த்ததில்லை.

உயரமும் கணக்கைக் கவிழ்க்கும். என்.பி.ஏ. ஆட்டக்காரர் அந்தோணி டேவிஸ் சிகாகோவில் பந்தைத் தட்டிக்கொண்டு போகும் கார்டாக ஆடிக்கொண்டிருந்து, பள்ளி முடிப்பதற்குள் சுமார் 8 அங்குலம் வளர்ந்தார். பந்தைக் கையாளும் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. 2012 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். நான் ஒரு பையனைப் பற்றி ‘சோம்பேறி, ஓடுவதில்லை’ என்று எழுதினேன். ஒரே வருடத்தில் 4 அங்குலம் வளர்ந்து முட்டி வலியோடு ஆடிக்கொண்டிருந்தான் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை.

கேள்வி: என் மகளும் ஆடுகிறாள். பெண்களிடமும் இதையேதான் பார்ப்பீர்களா?

பெரும்பாலும் ஆமாம். கூடுதலாக ஒன்று: குதித்து இறங்கும்போது முட்டிகள் உள்பக்கம் சாய்கின்றனவா என்று பார்ப்பேன். முட்டியின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். சரியாக இறங்கப் பயிற்சி இருக்கிறது. இந்த சீசனுக்கு முன்பே தொடங்குங்கள்.

கேள்வி: ஹைலைட்ஸ் வீடியோ எப்படி எடுப்பது?

மூன்று நிமிடம் போதும். பாட்டு வேண்டாம். கூடவே ஒரு முழு ஆட்டத்தை வெட்டாமல் அனுப்புங்கள், தோற்ற ஆட்டமாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: 5 அடி 7 அங்குலம். வாய்ப்பு உண்டா?

உண்டு, குறைவு. முழு மைதானத்துக்கும் எதிராளியை விரட்டி மறித்தால் பெரிய கல்லூரி இல்லாவிட்டாலும் சின்னக் கல்லூரிகள் பார்க்கும்.

கேள்வி: அரங்கில் எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள் சார்?

அந்தப் பையனின் பெஞ்சுக்கு நேர் எதிரே, மேல் வரிசையில். வெளியே கூப்பிட்டதும் நேரே போய் உட்காருகிறானா, தண்ணீர் பாட்டிலை உதைக்கிறானா என்று அங்கிருந்து நன்றாகத் தெரியும். பெற்றோர் பக்கத்தில் மட்டும் உட்கார மாட்டேன். ஒருமுறை ஒரு அப்பா ஆட்டம் முடியும்வரை என் நோட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.