காட்டுக்குள் ஒரு கூரை: வாசகர் கேள்விகள்

காட்டு நிலத்தில் எழும் கட்டடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் தேடிப்பிடித்து, அப்புறம் நேரில் போய்ச் சரிபார்ப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். சென்ற இதழில் அதைப் பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் படங்களை வைத்தே காட்டுக்குள் இருக்கும் வீடுகளைக் கண்டுபிடித்துவிட முடியாதா? (புவியியல் படிக்கும் மாணவி)

பதில்: வீட்டையே பார்ப்பது கஷ்டம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் தரும் இலவசப் படத்தின் மிக நுணுக்கமான அலைவரிசைகளிலேயே ஒரு பிக்சல் தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். ஆறுக்கு எட்டு மீட்டர் கூரை அதில் பாதிகூட வராது. சுற்றியுள்ள மரமும் மண்ணும் அதோடு கலந்து ஒரு மங்கல் நிறமாகத் தெரியும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் 30 மீட்டர். அதில் வீட்டைத் தேடவே வேண்டாம்.

ஆனால் அந்தப் படங்களைத் தள்ளிவிடாதீர்கள். காட்டுக்குள் வீடு வருவதற்கு முன்னால் பாதை வரும், மரம் வெட்டிய வெளி வரும். அவை பத்து மீட்டர் படத்தில் நன்றாகத் தெரியும். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். 30 மீட்டர் படங்கள் 1980களிலிருந்தே இருப்பதால், ஒரு வெளி எந்த வருடத்தில் திறந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். நான் முதலில் இவற்றை வைத்துச் சந்தேக இடங்களைக் குறித்துக்கொள்வேன். ஒரு பிக்சல் அரை மீட்டராக இருக்கும், விலைக்குக் கிடைக்கும் படத்தை அந்த இடங்களுக்கு மட்டும் வாங்கச் சொல்வேன். இலையுதிர் காடாக இருந்தால் மரம் மொட்டையாக நிற்கும் மாதத்துப் படம்தான் வேண்டும் என்று கேளுங்கள். அதே இடத்தில் அந்த மாதத்தில் தெரியும் கூரைகள் மழைக்காலத்தில் காணாமல் போய்விடும்.

கேள்வி: இப்போது கணினியே கட்டடங்களைத் தானாகக் குறித்துவிடுகிறதே, இன்னும் எதற்காக நடந்து போகிறீர்கள்?

பதில்: செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணினி கண்டுபிடித்த கட்டடங்களின் தொகுப்பாக 2021இல் கூகுள் வெளியிட்ட ஓப்பன் பில்டிங்ஸை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் பக்கத்தில், அது கட்டடம்தான் என்பதில் எவ்வளவு நம்பிக்கை என்று ஒரு மதிப்பெண் இருக்கும். உருவாக்கியவர்களே அப்படிச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். அதை எடுத்துப் பயன்படுத்தும் நாம்தான் அந்த மதிப்பெண்ணை அழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே சிவப்புப் புள்ளியாக அச்சடிக்கிறோம்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். திரையில் ஒரு சரிவின் நடுவே பளிச்சென்று வெள்ளையாக ஒரு செவ்வகம், பக்கத்தில் ஒற்றையடிப் பாதை. கட்டடம் என்று குறித்தேன். எனக்கு மூத்தவர் ஒருவரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். நான்கு மணி நேரம் நடந்து போய்ச் சேர்ந்தால் அங்கே இருந்தது மொட்டைப் பாறை. மேலிருந்து ஊற்றுநீர் கசிந்து அதன்மேல் பரவி, வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது: அந்தச் செவ்வகத்துக்கு நிழலே இல்லை. சுவர் எழுந்து நிற்கிற எதற்கும் ஒரு பக்கம் கருப்பாக நிழல் விழும். தரையோடு தரையாகக் கிடக்கும் பாறைக்கு அது கிடையாது. அன்றிலிருந்து கூரையைப் பார்ப்பதற்கு முன் நிழலைத் தேடுகிறேன்.

அதே நாள் இறங்கி வரும்போது ஒரு நாய் குரைத்தது. சத்தம் வந்த பக்கம் போனால், பெரிய மரங்களுக்கு அடியில் மூன்று ஓலைக் குடிசைகள். படத்தில் அந்த இடம் முழுக்கப் பச்சை. மரத்தடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கூரை ஓரமும் காய்ந்த புல்லின் நிறத்தில்தான் இருந்தது. ஒரு பாட்டி வெளியே வந்து, “யாரைத் தேடி வந்தீங்கம்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கையில் இருந்த தாளில் பாறை வீடாக இருந்தது. அந்தப் பாட்டியின் வீடு இருந்த இடம் காலியாக இருந்தது.

இதில் இரண்டு வகைப் பிழை இருக்கிறது, கவனியுங்கள். இல்லாததைச் சேர்த்தது ஒன்று, இருப்பதைத் தவறவிட்டது இன்னொன்று. குறித்த புள்ளிகளுக்கு மட்டும் போய்ச் சரிபார்த்தால் முதல் பிழைதான் அகப்படும். எங்கள் குழு இப்போது ஒன்றும் இல்லை என்று குறித்த இடங்களிலிருந்தும் குலுக்கல் முறையில் சிலவற்றை எடுத்து அங்கேயும் போகிறது. வெறும் மரத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று புதிதாக வருகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஏனென்றால் தவறவிடும் பிழை எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. புதுத் தகரக் கூரை எங்கிருந்தாலும் மின்னும். துருப்பிடித்த தகரம் செம்மண் மாதிரி இருக்கும், ஓலை புல் மாதிரி இருக்கும். ஆக, கணக்கில் விடுபடுவது பெரும்பாலும் ஏழையின் வீடுதான். காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸுக்கு அந்தக் கணக்கைப் பயன்படுத்தினாலும் சரி, மருத்துவ முகாம் எங்கே போடலாம் என்று பார்க்கப் பயன்படுத்தினாலும் சரி, அது தப்பான கணக்கு.

கேள்வி: என் வீடு காட்டு எல்லைக்கு வெளியே இருக்கிறது. வரைபடத்திலோ 15 மீட்டர் உள்ளே காட்டுகிறார்கள். எது சரி?

பதில்: அந்த 15 மீட்டரை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது. முதலில், எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த பழைய காகித வரைபடத்திலிருந்து கணினிக்கு ஏற்றியதாக இருந்தால், அரை மில்லிமீட்டர் பேனாக் கோட்டின் தடிமனே தரையில் 25 மீட்டர். உங்கள் வீடு கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அடுத்து, படம் எந்தச் சாய்வில் எடுத்தது என்று கேளுங்கள். செயற்கைக்கோள் நேர் கீழே பார்க்காமல் 25 டிகிரி சாய்ந்து பார்த்திருந்து, படத்தைத் திருத்தப் பயன்படுத்திய உயரத் தகவலில் 20 மீட்டர் பிழை இருந்தால், மலைச்சரிவில் இருக்கும் வீடு ஒன்பது மீட்டருக்கு மேல் நகர்ந்து தெரியும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜி.பி.எஸ். கருவியும் பல மீட்டர் தடுமாறும். எல்லைக்கல்லில் தொடங்கி, சரியான கருவியோடு அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: லைடார் இலைகளை ஊடுருவிப் பார்க்குமாமே?

பதில்: லைடார் என்பது விமானத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி. அது இலையைத் துளைக்காது; இடைவெளி வழியாகச் சில லேசர் துடிப்புகள் தரைவரை போய்த் திரும்பும். குவாத்தமாலாவின் காட்டுக்கு அடியில் 60,000க்கும் மேற்பட்ட பழைய மாயன் கட்டுமானங்களை 2018இல் இப்படித்தான் வெளிக்கொண்டு வந்தார்கள். அற்புதமான கருவிதான், செலவுதான் அதிகம். தாழ்வான குடிசையைப் புதர் என்று கணினி வடிகட்டிவிடும் ஆபத்து அதிலும் உண்டு.

கேள்வி: களத்துக்குப் போகும்போது படிவத்தில் என்னென்ன எழுத வேண்டும்? (புதிதாக இந்த வேலையில் சேர்ந்தவர்)

பதில்: கூரை எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது, நான்கு திசையிலிருந்தும் புகைப்படம், தேதி, நேரம், ஜி.பி.எஸ். காட்டும் பிழை அளவு. அடுப்பில் சாம்பல் சூடாக இருக்கிறதா, கொடியில் துணி காய்கிறதா என்று பாருங்கள். ஆள் வசிக்கும் வீட்டையும் கைவிட்ட கொட்டகையையும் பிரித்துக் காட்டுவது அவைதான். தெரியாவிட்டால் ‘உறுதியில்லை’ என்று எழுதத் தயங்காதீர்கள்.

எங்களுக்கு முதலில் வந்த படிவத்தில் ‘ஆக்கிரமிப்பு: ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே ஒரு கட்டடம் நிற்கிறது என்பதைத்தான் நான் பார்த்துச் சொல்ல முடியும். அவர்களுக்கு அங்கே உரிமை உண்டா என்பதைப் படமும் சொல்லாது, நானும் சொல்லக் கூடாது. பலமுறை எழுதிக் கேட்டு அந்தக் கட்டத்தை எடுக்க வைத்தோம். இப்போது அந்த இடத்தில் ‘யாரிடம் பேசினீர்கள்? அவர் என்ன சொன்னார்?’ என்று கேட்டு, நான்கு வரி காலியாக விட்டிருக்கிறோம்.