பட்டாசைப் பிரித்து ஓவியம் தீட்டலாமா?

கொடைக்கானலில் ஓவியம் பயிலும் வாசகி ஒருவர், சீன ஓவியர் சாய் குவோ சியாங்கைப் போலத் தாளில் வெடிமருந்தைத் தூவிப் பற்றவைத்து வரைய விரும்புகிறார். வத்தலக்குண்டில் ஒரு தரகர், பட்டாசைப் பிரித்தெடுத்த மருந்தைக் கிலோக் கணக்கில் தருவதாகச் சொல்கிறாராம். வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

வாங்காதீர்கள். "பட்டாசு எல்லோரும் வாங்குவதுதானே, பிரித்தால் என்ன?" என்ற பேச்சில்தான் பலரும் விழுகிறார்கள். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி, வெடிபொருளைப் பிரிப்பதும் உடைப்பதும்கூடத் 'தயாரிப்பு'தான். கடையில் ரசீதோடு வாங்கிய புஸ்வாணத்தை அப்படியே கொளுத்தினால் நீங்கள் வாடிக்கையாளர். அதையே வீட்டு மேசையில் கத்தியால் கீறி மருந்தைக் கொட்டினால் உரிமமில்லாத தயாரிப்பாளர், மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. பொருள் ஒன்றுதான், கீறுவதற்கு முன்னும் பின்னும் சட்டம் வேறு.

சட்டத்தைவிட மருந்து பொல்லாதது. அலுமினியத் தூள் கலந்த வெடிமருந்து உரசலிலேயே பற்றும். பிளாஸ்டிக் பையிலிருந்து கொட்டும்போது எழும் நிலைமின் பொறியே போதும். அதை மலைப்பேருந்தில் மடியில் வைத்து ஏற்றிவரச் சொல்லும் தரகருக்கு உங்கள் உயிரும் பெரிதல்ல, பக்கத்து இருக்கைக் குழந்தையின் உயிரும் பெரிதல்ல.

உரிமம் பெறும் முறையான வழியும் எளிதில்லை. ஒரு மாணவருக்காக நான் ஓர் அலுவலகத்தை அணுகியபோது, கோயில் திருவிழாவா, கல்யாணமா என்பதைத் தாண்டி எவருக்கும் கேள்வி எழவில்லை. ஆறு மாதம் அலைந்தும் கையெழுத்து கிடைக்கவில்லை. இப்படி இழுத்தடிப்பதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

உங்களுக்குக் கம்பி மத்தாப்பே போதும். ஈரச் சாக்கின் மேல் தகரத் தகட்டை வைத்து, அதன்மேல் கனமான பருத்திக்கூழ்த் தாளை விரியுங்கள். ஒரு சாண் உயரத்தில் கம்பியை நகர்த்தினால், பொறி விழும் இடமெல்லாம் கடுகளவு பழுப்பு வளையமும் அதன் நடுவே கரிப்புள்ளியும் பதியும். நைலான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பருத்தி உடை அணியுங்கள். எரிந்த கம்பியைத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

சோலையோரத்தில் மட்டும் வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பழனி மலையின் காய்ந்த புல்வெளிக்கு ஒரு பொறி போதும். 2025 செப்டம்பரில் திபெத்தில் இமயமலைச் சரிவில் நடத்திய வாணவேடிக்கைக்காக சாய் அவர்களே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

புகை படிந்த தாள் மூடுபனியில் ஈரம் இழுத்து நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும். ஆறியதும் சாம்பலை மென்தூரிகையால் தட்டிவிட்டு, கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடுங்கள்.