பிள்ளைகளுக்குப் பாறையேற்றப் பயிற்சிச் சுவர்: கடன் வாங்கலாமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். ஏற்காட்டில் நடந்த கோடை முகாமில் பாறையேறிப் பழகிவந்த என் 13 வயது மகனும் 9 வயது மகளும் வீட்டிலேயே பயிற்சிச் சுவர் வேண்டும் என்கிறார்கள். செங்குத்திலிருந்து ஏறுபவர் பக்கமாக 40 டிகிரி சாய்ந்த பலகை, பிடிகள், எந்தப் பிடியைப் பற்ற வேண்டும் என்று காட்டும் விளக்குகள், மெத்தை எல்லாம் சேர்த்து 2,60,000 ரூபாய் கேட்கிறார்கள். கையில் 60,000 ரூபாய் உள்ளது. மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கலாம் என்கிறார் கணவர். மாதம் 15,000 ரூபாய் மிச்சமாகிறது. வாங்கலாமா?

பதில்: சுவர் வாங்கலாம், ஆனால் கடனில் வேண்டாம், இந்தச் சுவரும் வேண்டாம். 2,00,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் மூன்றாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 6,835 ரூபாய் வரும். வட்டி மட்டுமே 46,000 ரூபாயைத் தாண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக மகன் ஏறுவதை நிறுத்திவைத்தாலும் தவணை நிற்காது.

40 டிகிரிச் சாய்வு நன்கு பழகியவர்களுக்கானது. மூன்போர்டு என்ற பெயர்பெற்ற பயிற்சிப் பலகை வகையின் முழு அளவுப் பலகையை அந்தச் சாய்வில் நிறுத்த 3.15 மீட்டர் உயரம் தேவை. உங்கள் கூரை பத்தடி என்றால் அது 3.05 மீட்டர்தான், ஆகவே முன்பணம் கொடுக்குமுன் அளந்து பாருங்கள். உங்கள் மகள் அதில் சில நொடிகள் தொங்கிவிட்டு இறங்கிவிடுவாள். பத்துப் பதினைந்து டிகிரியில் தொடங்கி, பின்னர் சாய்வைக் கூட்டிக்கொள்ளத்தக்க இரும்புச் சட்டமே இரு பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

சட்டத்தை உள்ளூர் வெல்டிங் பட்டறையில், போல்ட் போட்டுக் கழற்றும்படி, தரையில் தானே நிற்கும் அமைப்பாகச் செய்யச் சொல்லுங்கள். நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவது ஆபத்து. 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். மொட்டை மாடியில், கூரையின் கீழ் வைப்பதானால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டாகப் பாருங்கள். சாரலில் சாதாரணப் பலகை உப்பி, பிடிகளை முடுக்கப் பலகையின் பின்புறம் பதிக்கும் டீ-நட்டுகள் கழன்றுவிடும். விளக்குகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். மெத்தைச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள்: மேலே கெட்டியான நுரை, கீழே மென்மையான நுரை என இரண்டடுக்கு வேண்டும். வீட்டிலிருக்கும் இலவம்பஞ்சு மெத்தை போதாதா என்று மாமியார் கேட்பார், போதாது.

எனவே விற்பவரிடம் சட்டம், பிடிகள், மெத்தை ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை கேளுங்கள். கையிலுள்ள பணத்தைச் சட்டத்துக்கும் மெத்தைக்கும் ஒதுக்குங்கள்; அது பற்றாவிட்டால் இரண்டு மாத மிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிகளைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்க்கலாம். ஆர்வம் வடிந்தாலும் பிடிகளையும் மெத்தையையும் பழைய பொருளுக்கான விலைக்கேனும் விற்க முடியும். சுவரோடு பதித்த கட்டுமானத்துக்கு அந்த வாய்ப்பில்லை.

கடைசியாக, குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்கு (எதற்குக் காப்பீடு பணம் தராது என்ற விதி) எண் 09-ஐ எடுத்துப் படியுங்கள். பாறையேற்றம் உள்ளிட்ட சாகச விளையாட்டுகளைத் தொழில்முறையில் ஆடுவோருக்கான விலக்கு அது. பொழுதுபோக்காக ஏறும் பிள்ளைகளை அது கட்டுப்படுத்தாது. ஆனால் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக எடுத்திருந்தால், அதன் விலக்குகள் வேறாக இருக்கக்கூடும் என்பதால், முதல் பலகையை மாட்டுவதற்குள் நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.