பாட்டியைக் கேட்டாயா?

அன்புள்ள ஐயா,

பர்மாவில் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். கோயில் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் தாத்தா சென்ற ஆண்டு காலமானார். வயது 84. முதல் திதிக்கு நினைவு மலர் போடுகிறோம். அன்பான கணவர், பொறுப்பான தந்தை, பாசமான தாத்தா என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அவருடைய அப்பா உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. தாத்தா படகுத்துறையில் கணக்கெழுதினார். 1964இல் எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது மண்பற்றினால் இங்கேயே இருந்துவிட்டார். அது சரியான முடிவா என்று எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மலர் தமிழில் இருக்கலாமா, பர்மியத்திலா? மாதிரிக் கட்டுரை ஏதாவது அனுப்ப முடியுமா? பாட்டி நலம். அவர் மோன் இனத்தவர், தமிழ் தெரியாது.

க.

அன்புள்ள க.,

உன் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. ரங்கூன் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழைக் காப்பாற்றப் பேசும் பெரியவர்கள் பலர் இதைவிட மோசமாக எழுதுவார்கள்.

எந்த மொழியில் போடுவது என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா? இரண்டிலும் போடு. காகிதம் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தாத்தாவுக்கு என்ன நிற அட்டை கிடைத்தது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அது இங்கே எல்லார் வீட்டிலும் நடந்த கதை. இரண்டு வரி போதும்.

நான்கு பக்கத்திலும் நான் தேடியது பாட்டியை. கல்யாணம் நடந்த வருஷத்தோடு ஒரு வரியில் வருகிறார், அப்புறம் ஆளையே காணோம். கடிதத்தின் கடைசியில் 'நலம்' என்று முடித்துவிட்டாய். அறுபது வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவர் அடுத்த அறையில் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் புருஷன் அன்பான கணவர் என்று நீ எழுதுகிறாய். உனக்கு எப்படியம்மா தெரியும்? பாட்டிக்குத் தமிழ் தெரியாதாம். உனக்குப் பர்மியம் தெரியாதா? சந்தையில் மீன்காரியிடம் எந்த மொழியில் பேரம் பேசுகிறாய்? கோபம் வந்தது, சொல்லிவிட்டேன்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் ஆட்களின் இரங்கல் கூட்டங்களுக்கு ரங்கூன், பெகு, தட்டோன் என்று போய்ப் போய் எனக்கு அலுத்துவிட்டது. மைக்கைப் பிடிக்கிறவர் கோயில் கமிட்டித் தலைவராக இருப்பார், கூட வேலை பார்த்தவராக இருப்பார். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவள் பின்னால் பாயில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள். அவளிடம் யாரும் மைக்கைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் என்ன சொல்லித் தொலைப்பாளோ என்ற பயமும் இருக்கலாம்.

என் அப்பா பெகுவில் பயாஜோ விற்றார். நம்ம பருப்பு வடைதான், இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பாக இருக்கும். அவர் இறந்தபோது கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "கடன் என்று யார் வாசலிலும் நிற்காத உத்தமர்" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ராத்திரி சனமெல்லாம் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, "கடன் வாங்காதவராமே, கேட்டியா?" என்று சிரித்தாள்.

1987 செப்டம்பர் 5, ஒரு சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள ஒரு வழியும் இல்லை. 1964 மே மாதம் 50, 100 நோட்டுகளை ஒழித்தபோது பட்ட அடியையே நம் ஆட்கள் மறந்திருக்கவில்லை. பருப்பு வாங்கும் முதல் முழுவதும் அம்மாவின் அரிசிப் பானைக்குள் 75ஆகவும் 35ஆகவும் துணியில் சுற்றி இருந்தது. அன்று மத்தியானமே அது குப்பை. அந்த மாதமே 45, 90 என்று புது நோட்டு அடித்தார்கள். ஒன்பது ராசியான எண் என்று யாரோ அப்போது நாட்டை ஆண்ட நே வின்னுக்குச் சொன்னார்களாம், ஊரெல்லாம் அதுதான் பேச்சு. வடை வாங்க வருகிறவன் 90 கியாட்டை நீட்டினால் மீதி எண்ணிக் கொடுப்பதற்குள் எண்ணெய் காய்ந்து புகைந்துவிடும்.

அம்மா சொன்னது பணம் குப்பையான அடுத்த சில நாட்களைப் பற்றி. அப்பா இரண்டு நாள் வாணலியைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லாத மனுஷன். மூன்றாம் நாள் காலையில் தன் ஒரே வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்து இஸ்திரி போடச் சொன்னார். அம்மா கரி அள்ளிப் போட்டுப் பெட்டியைச் சூடாக்கித் தேய்த்துக் கொடுத்தாள். கழுத்துப் பட்டியில் எண்ணெய்க் கறை போகவே இல்லையாம், அதை உள்பக்கமாக மடித்துத் தேய்த்தாளாம். அதைப் போட்டுக்கொண்டு சீனரின் பருப்பு மண்டிக்குப் போய் ஒரு மூட்டை கடனாகக் கேட்டார். அரை மூட்டை கிடைத்தது. தலையில் வைத்துக்கொண்டு வந்தார், சட்டையெல்லாம் மஞ்சள் பொடி. கடன் தீரும் வரை தினமும் சாயங்காலம் மண்டிக்குப் போய் அன்றன்றைக்குக் கையில் இருந்ததைக் கட்டினார்.

"இருபது வருஷமா குடும்பம் நடத்துறேன். அன்னைக்குத்தான்டா அந்த மனுஷனை எனக்குப் பிடிச்சுது" என்றாள் அம்மா.

அந்தப் பெரியவர் சொன்ன உத்தமரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியவர் கடன் கேட்கப் போனவர்.

இதையெல்லாம் எழுதும்போது உன் 1964 கேள்வி நினைவுக்கு வருகிறது. சரியா தவறா என்ற வாக்குவாதத்தை விடு. சென்னைக்குக் கப்பலேறியவர்களுக்கு அங்கே யாரும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடவில்லை. முகாமில் கிடந்தார்கள், நடைபாதையில் கடை போட்டார்கள், 1969இல் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் பர்மா பஜார் வந்தது. அங்கே ஒட்டாமல் இங்கேயே திரும்பி வரக் கிளம்பி, எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரில் மோரேயிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. யார் ஜெயித்தார்கள் என்று யார் கணக்குப் பார்ப்பது?

ஆனால் மண்பற்று என்று எழுதினாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாத்தாவுக்கு அப்போது இருபத்துநாலு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கல்யாணமாகிவிட்டது. பெண் மோன் பெண். அவளுடைய அம்மா, அக்கா, வயல் எல்லாம் அங்கே. அவள் வருகிறேன் என்றாளா, மாட்டேன் என்றாளா? இன்னொருத்தியும் இருந்தாள், தாத்தாவின் அம்மா. ரயில் பாதைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. உங்கள் ஊருக்குத் தெற்கே தன்பியூசாயத்தில் கைதிச் சிப்பாய்களுக்கு 3,700க்கும் மேல் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் புல் வெட்டிச் சுத்தமாக. அதே பாதையில் செத்த நம் கூலி சனத்துக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. பிணத்தைப் பார்க்காத பெண்டாட்டி புருஷன் செத்தான் என்று எப்போது நம்பினாள்? வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே என்று அவள் கப்பலேற மறுத்திருந்தால்? எனக்குத் தெரியாது. உன் பாட்டிக்குத் தெரியும், மாமியாரோடு ஒரே அடுப்பில் பொங்கியவர்.

உன் நான்கு பக்கத்தில் ஒரே ஒரு இடம் எனக்குப் பிடித்தது. தாத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளை மர்தபான் படகில் ஏற்றி அக்கரைக்குக் கூட்டிப்போய், இறங்காமலே அதே படகில் திரும்பக் கூட்டிவருவார் என்று எழுதியிருக்கிறாய். அபாரம், கண்ணு. ஏன் இறங்க மாட்டார்? டிக்கெட் காசா, ஊழியர் என்பதால் இலவசமா? பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்? அதை ஒரு பக்கம் எழுது. முன்னாலும் பின்னாலும் இருக்கும் 'பாசத்தின் சிகரம்' எல்லாவற்றையும் அடித்துவிடு.

அப்புறம் பாட்டியிடம் போய் உட்கார். செல்போனில் பதிவு செய்துகொள், ஆனால் முகத்துக்கு நேரே நீட்டாதே. சம்பளத்தை யார் கையில் கொடுத்தார்? இரண்டு பேரும் எந்த மொழியில் சண்டை போட்டார்கள்? 1987இல் உங்கள் வீட்டில் எவ்வளவு போயிற்று? 2005இல் பாலம் திறந்து படகுத்துறை படுத்துவிட்ட பிறகு, வீட்டிலேயே கிடந்த மனுஷனை அவர் எப்படிச் சமாளித்தார்? நல்லதாகவே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதே. திட்டினால் திட்டையும் எழுது.

மாதிரி கேட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன். பாட்டி சொல்வதைப் பர்மியத்திலேயே எழுதி அனுப்பு, தமிழில் போட நான் உதவுகிறேன். முதல் பக்கத்தில் அன்பான கணவர் என்று போடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்.