எந்த மொழியில் படிக்கப் போகிறாள்?

அன்புள்ள அம்மா,

கிழக்காசிய அரசியலில் ஆய்வு செய்யப் போவதாக மகள் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஆதாரங்களை எந்த மொழியில் படிக்கப் போகிறாள்?

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இத்துறையில் ஏராளம். வேலைக்கு நெரிசலும் அங்கேதான். 2015இல் ஜப்பான் நாடாளுமன்றம் பாதுகாப்புச் சட்டங்களை நிறைவேற்றியது என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றை ஆராய்ந்த மேலவைக் குழுவின் ஜப்பானிய மொழி நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டினால், வாக்கெடுப்பு நடந்த இடத்தில் "அவையில் அமளி, கேட்க இயலவில்லை" என்று பதிவாகியிருப்பதைக் காணலாம். எதிர்க்கட்சிகள் அந்த வாக்கெடுப்பை ஏன் ஏற்க மறுத்தன என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிடும். 1947 முதலான இக்குறிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படிக்கத்தான் ஆள் வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானியம், கொரியம், சீனம் ஆகியவற்றைக் கற்பிக்க ஏறத்தாழ 2,200 வகுப்பு நேரம் ஒதுக்குகிறது. எனவே "படிப்போடு படிப்பாகக் கற்றுக்கொள்வேன்" என்று மகள் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ஒரு மொழியை எடுத்துக்கொள்ளட்டும். ஜப்பானியம் என்றால் ஜே.எல்.பி.டி. என்ற மொழித்திறன் தேர்வில் குறைந்தது என்2 நிலை, கொரியம் என்றால் டோபிக் என்ற மொழித்திறன் தேர்வில் ஐந்தாம் நிலை என்பது என் கணக்கு. சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலான தைவான் நீரிணைச் சிக்கல்தான் தலைப்பு என்றால் சீனப் பெருநிலத்தின் எளிமையாக்கப்பட்ட எழுத்து, தைவானின் மரபெழுத்து இரண்டும் தெரிய வேண்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: சொந்தச் செலவில் முனைவர் பட்டம் வேண்டவே வேண்டாம். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை இருக்கிறது. கொரிய அரசின் ஜி.கே.எஸ். திட்டத்தில் பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு மொழிப் பயிற்சியும் சேர்ந்தே வருகிறது. தைவான் அரசு மொழி கற்பதற்கென்றே தனியாக உதவித்தொகை தருகிறது.

தலைப்பில் எச்சரிக்கை தேவை. சீன வெளியுறவு அமைச்சகம் 2004இல் திறந்துவிட்ட ஆவணங்களில் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளிலேயே மீண்டும் மூடிவிட்டது. அதை நம்பித் தொடங்கிய ஆய்வு நடுவழியில் நின்றுவிடும். மாற்று ஆவணம் எங்கே கிடைக்கும் என்பதை இப்போதே எழுதி வைக்கட்டும்.

இனி வேலை. பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அதை மட்டுமே நம்பி இறங்கக் கூடாது. ஆனால் வெளியிலும் இந்தப் படிப்புக்குத் தேவை உண்டு. ஓர் எடுத்துக்காட்டு: 2018இல் தென் கொரிய உச்ச நீதிமன்றம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களிடம் வாங்கிய கட்டாய உழைப்புக்கு ஜப்பானிய நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இரு நாடுகளும் செய்துகொண்ட 1965 ஒப்பந்தத்தோடு அது முடிந்த விவகாரம் என்றது ஜப்பான். 2019 ஜூலையில் சிப் தயாரிப்புக்கான மூன்று பொருள்களைத் தென் கொரியாவுக்கு ஏற்றுமதி செய்வதில் ஜப்பான் கெடுபிடி காட்டியது. தீர்ப்புக்குப் பதிலடி அல்ல என்று டோக்கியோ சொன்னது, சோல் நம்பவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி மின்னணு நிறுவனங்களின் கொள்முதல் பிரிவு வரை போனது. அந்த 1965 பேச்சுவார்த்தைக் கோப்புகளைத் தென் கொரியா 2005இல் வெளியிட்டிருந்தது. அவற்றைப் படித்த ஒருவருக்கு நிறுவனங்களின் இடர் ஆய்வுப் பிரிவிலும், செய்தி நிறுவனத்திலும், கொள்கை ஆய்வு மையத்திலும் சொல்வதற்கு விஷயம் இருக்கும்.

ஆய்வுத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலம் அல்லாத மூன்று ஆதாரங்களாவது அதில் இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் இருவரிடமும் பேசுகிறேன்.