ஊட்டச்சத்து பானம் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை எப்படி அளக்கிறார்கள்?

1981இல் டொராண்டோவில் ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் முன்வைத்த கிளைசெமிக் குறியீடே இதற்கு அடிப்படை. இரவு முழுவதும் உண்ணாதிருந்த, பொதுவாகப் பத்து நலமான தன்னார்வலர்களுக்கு, செரிக்கக்கூடிய மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) 50 கிராம் அடங்கிய அளவு பானத்தைக் கொடுத்து, குடிப்பதற்கு முன்பும், பின்னர் 15, 30, 45, 60, 90, 120ஆவது நிமிடங்களிலும் விரல்நுனி இரத்தத்தில் குளுக்கோஸை அளந்து, அதை வரைபடமாக்கி, வெறும் வயிற்று அளவுக்கு மேல் எழும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிடுகிறார்கள். அதே நபர் வேறொரு நாளில் 50 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்தபோது கிடைத்த பரப்பை 100 என்று கொண்டால், பானத்தின் பரப்பு அதில் எத்தனை விழுக்காடு என்று பார்த்து, எல்லாருக்கும் எடுக்கும் சராசரியே குறியீடு. 55 வரை குறைவு, 70 முதல் அதிகம்.

இனிப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது: ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கப்படும் மால்டோடெக்ஸ்டிரின் என்னும் தூள் அவ்வளவாக இனிக்காது, ஆயினும் இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் குறியீட்டை மட்டும் நம்பாமல், தாங்கள் வழக்கமாகக் கலக்கும் அளவிலேயே பானத்தைக் குடித்து, முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து, அந்த அளவுகளை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.